பசும்பொன், பசலை, பச்சரிசி: ‘பசுமை’ என்பது உண்மையில் எந்த நிறம்?

தேடல் (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பழம்பாடல்களைத் தாமாகவே படித்துப் பார்க்க உதவும் சிறு சொற்பொருள் தொகுப்பு ஒன்றை நாங்கள் சிலர் சேர்ந்து உருவாக்கி வருகிறோம். நிறச்சொற்களில் வெண்மையும் கருமையும் எங்களுக்கு அதிகத் தொல்லை தரவில்லை. ‘பசுமை’யில் வந்து நின்றுவிட்டோம். பசும்புல், பாசிலை, பைங்கிளி என்று வருமிடங்களில் ‘பச்சை நிறமுடைய’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் பசும்பொன் என்று வரும்போது அப்படி எழுத முடியவில்லை, ஏனெனில் பொன் பச்சை நிறமுடையதன்று. குறுந்தொகையின் 129ஆம் பாட்டில் கோப்பெருஞ்சோழன் தலைவியின் சிறுநுதலைக் கடல் நடுவே தோன்றும் எட்டாம் நாள் பிறைக்கு ஒப்பிடும்போது அந்தப் பிறையைப் ‘பசுவெண் திங்கள்’ என்கிறான், நிலவும் பச்சையன்று. பிரிவுத் துயரால் தலைவியின் உடலில் படரும் நிறமாற்றமான பசலை பாய்ந்த மேனி பச்சையா, மஞ்சளா, வெறும் வெளிறலா என்பதிலும் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை.

உரைகளைப் புரட்டினால் பல இடங்களில் ‘பசிய பொன்’, ‘பசிய வெண்ணிலவு’ என்று அதே சொல்லைச் சற்றே மாற்றி எழுதிவிட்டுக் கடந்துபோகிறார்கள். பசிய என்றால் என்ன என்று கேட்கும் மாணவனுக்கு அது விடையாகாது. இந்தச் சொல்லுக்கு எல்லா இடங்களையும் தாங்கும் மூலப்பொருள் ஒன்று உண்டா, அல்லது இடத்துக்கு இடம் வேறு வேறு பொருள் எழுதுவதுதான் நேர்மையா என்பதே என் கேள்வி.

இலக்கணப்பிரியர்:

பொருளுக்குப் போவதற்கு முன் வடிவத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் பை, பாசு, பசு, பச்சை என்பவற்றை வேறு வேறு சொற்களாக எண்ணி மாணவர்கள் குழம்புவார்கள். பண்புப்பெயர்ப் புணர்ச்சிக்கு நன்னூல் சொல்லும் ‘ஈறு போதல்’ என்று தொடங்கும் நூற்பாவைப் பள்ளியில் மனப்பாடம் செய்யாதவர் குறைவு. பசுமையோடு இலை சேரும்போது ஈறு கெட்டு முதலெழுத்து நீண்டு பாசிலை ஆகிறது. தமிழ் சேரும்போது அடியகரம் ஐகாரமாகிப் பைந்தமிழ் ஆகிறது. பொன் சேரும்போது பசும்பொன், பைம்பொன் என இரண்டு வடிவங்களுமே வருகின்றன.

இது வகுப்பறைக்குப் போதுமான விளக்கம். வரலாற்று நோக்கில் பார்த்தால் சகரமும் யகரமும் இடம் மாறிக்கொள்வது தமிழில் பழக்கமானது: பசலை என்பதும் பயலை என்பதும் ஒன்றுதான். ‘பை’ என்ற வடிவம் அந்த யகர வழியில் பிறந்திருக்க வேண்டும். ஆகவே இவை அனைத்தும் ஒரே அடியிலிருந்து கிளைத்தவை என்று எழுதலாம். பசலையையும் அக்குடும்பத்திலேயே சேர்க்கலாம். தொல்காப்பிய உரியியலிலும் ‘பசப்பு நிறன் ஆகும்’ என்று ஒரு நூற்பா இருக்கிறது. எந்த நிறம் என்று அது சொல்லவில்லை. அக்காலத்தவர்க்குச் சொல்ல வேண்டிய தேவை இருந்திருக்காது.

நெய்தல் வாசகி:

பசலையின் நிறத்தைப் பாடல்களே காட்டித் தருகின்றன என்று நான் கருதுகிறேன். குறுந்தொகை 98ஆம் பாட்டில் பிரிந்து சென்ற தலைவனிடம் தன் நிலையைச் சொல்ல ஆள் கிடைத்தால் நல்லது என்று தலைவி தோழியிடம் கூறுகிறாள். ‘இன்னள் ஆயினள் நன்னுதல்’ என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது, வீட்டுத் தோட்டத்திலே மழைக்குத் தழைத்த புதரில் படர்ந்திருக்கும் பீர்க்கின் மலர்களில் சிலவற்றையும் கையோடு எடுத்துச் சென்று அவனிடம் காட்ட வேண்டும் என்கிறாள். பூவைப் பார்த்தால் நெற்றியின் நிறம் அவனுக்குப் புரிந்துவிடும் என்பது கருத்து. துணிக்கடையில் மாதிரித் துண்டு காட்டுவதைப் போன்ற இந்த ஏற்பாட்டைக் காட்டிலும் தெளிவான சான்று நமக்குக் கிடைக்காது. பீர்க்கம்பூ மஞ்சள், இளம்பச்சை சாயல் கொண்ட வெளிர்மஞ்சள். நற்றிணை 197இலும் ‘நுதலே பீர் இவர் மலரின் பசப்பு ஊர்ந்தன்றே’ என்று அதே மலர்தான் வருகிறது.

இதில் நான் கவனித்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பீர்க்கு படர்ந்த அந்தப் புதரைக் குறுந்தொகைப் பாட்டு ‘பைம்புதல்’ என்கிறது. புதரின் பச்சைக்கு ஒரு ‘பை’. அதே புதரில் பூத்த மஞ்சள் மலர் காட்டும் மேனி நிறத்துக்குப் பசலை. ஒரே அடியில் பிறந்த சொற்கள் இலைக்கும் பூவுக்கும் பொருந்துகின்றன. பாடியவருக்கோ கேட்டவருக்கோ அதில் முரண் எதுவும் தோன்றவில்லை.

எனினும் குறுந்தொகையின் 399ஆம் பாட்டில் பரணர் வேறு உவமை சொல்கிறார். ஊரார் நீருண்ணும் கேணியில் படர்ந்த பாசியைப் போன்றது பசலை. காதலர் தொடுந்தோறும் தொடுந்தோறும் நீங்கி, விடுந்தோறும் விடுந்தோறும் பரவுகிறது என்கிறார். அங்கே உவமையின் உயிர் நிறத்தில் இல்லை, விலகி மூடும் செயலில் இருக்கிறது. பாசி என்ற சொல்லும் இதே குடும்பத்தது என்பதால் பரணர் சொல்லோடும் விளையாடியிருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது. இதை வைத்துப் பசலையின் நிறம் கரும்பச்சை என்று முடிவுகட்டுவது சரியாகாது.

எல்லையோரத்தார்:

ஒசூர்ப் பக்கம் வளர்ந்தவன் என்பதால் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் காதில் விழுந்தன. அதனால் தேடல் ஐயாவின் கேள்வி எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. தெலுங்கில் ‘பச்ச’ என்றால் பச்சையும் உண்டு, மஞ்சளும் உண்டு. மஞ்சள் காமாலையை அவர்கள் ‘பச்ச காமெர்லு’ என்றுதான் சொல்வார்கள். இலையின் நிறத்தைத் தனியாகக் குறிக்க வேண்டுமானால் ‘ஆகுபச்ச’, அதாவது இலைப்பச்சை, என்று அடைமொழி சேர்ப்பார்கள். சமையலுக்குப் போடும் மஞ்சளுக்குப் ‘பசுபு’ என்று பெயர். பொன்னுக்கு இருக்கும் பெயர்களில் ஒன்று ‘பசிடி’.

இந்தக் கடைசிச் சொல்தான் இங்கே முக்கியம் என்று நினைக்கிறேன். பக்கத்து மொழியில் பொன்னையும் மஞ்சளையும் இந்த அடியே பெயரிட்டு நிற்கிறது என்றால், பசும்பொன்னில் வரும் பசுமை பொன்னுக்கு வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய சிறப்பு அன்று. பொன்னின் சொந்த நிறமேதான். கன்னடத்தில் ‘ஹசிரு’ பச்சை, ‘ஹசி’ சமைக்காதது, ‘ஹசுகூசு’ கைக்குழந்தை. மலையாளத்தில் ‘பச்சவெள்ளம்’ என்றால் காய்ச்சாத நீர். பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியில் இவற்றையெல்லாம் ஒரே தலைப்பின்கீழ்ச் சேர்த்துப் பார்க்கலாம். பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே நாம் இன்று போட்டிருக்கும் கோட்டை அந்த அடிச்சொல் அறியாது.

களத்துமேடு:

இதுவரை பேசியவர்கள் நிறத்தை மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அன்றாடத் தமிழைக் கொஞ்சம் கேளுங்கள். பச்சரிசி வெள்ளை, நெல்லைப் புழுக்காமல் குத்தியதால் அது பச்சை. பச்சைத் தண்ணீருக்கு நிறமே இல்லை. காய்ச்சாததால் அது பச்சை. பச்சைப்பால், பச்சைப்புண், பச்சைக்குழந்தை, பிள்ளை பெற்ற சில நாட்களுக்குத் தாயைச் சுட்டும் ‘பச்சை உடம்பு’ ஆகிய எதிலும் கண்ணுக்குத் தெரியும் பச்சை கிடையாது. வெங்காயத்தையும் இஞ்சிபூண்டு விழுதையும் பச்சை வாடை போகும் வரை வதக்கச் சொல்கிறோமே, அந்த வாடைக்கு என்ன நிறம்? செங்கல் சூளையில் அறுத்துக் காயவைத்து இன்னும் சுடாத கல்லுக்குப் பச்சைக்கல் என்று பெயர்; அது மண் நிறத்தில்தான் இருக்கும்.

இது இன்றைய பேச்சுவழக்கு, பழந்தமிழுக்கு ஆகாது என்று யாரேனும் சொல்வதற்கு முன் 660ஆம் குறளைப் பாருங்கள். வஞ்சனையால் பொருள் சேர்த்துக் காப்பது ‘பசுமண் கலத்துள்நீர் பெய்திரீஇ யற்று’ என்கிறார் வள்ளுவர். சுடாத மண்பாத்திரத்தில் நீரை ஊற்றி வைத்தால் நீரும் போகும், பாத்திரமும் கரையும். அந்தப் பசுமண்ணும் இன்றைய பச்சைக்கல்லும் ஒரே பொருளில் நிற்கின்றன. ஆகவே பசுமையின் மூலப்பொருள் நிறமன்று. தீயும் வெயிலும் காலமும் இன்னும் தொடாத, ஈரம் வற்றாத நிலை. செடிகொடிகள் அந்த நிலையில் பச்சையாக இருக்கின்றன என்பதால் அந்நிறத்துக்கு அப்பெயர் வந்தது. பசும்பொன் என்பதும் கலப்பு எதுவும் தொடாத பொன்தான். பச்சைத் தமிழன் என்கிறோமே, பச்சைப் பொய் என்கிறோமே, அவற்றிலும் அதே கலப்பின்மைதான் இருக்கிறது.

சந்தேகி:

களத்துமேட்டாரின் விளக்கம் அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதாலேயே எனக்கு ஐயம் வருகிறது. பசுமை என்றால் வாடாமை, ஈரம் வற்றாமை என்றால், பசலையை என்ன செய்வீர்கள்? பசலை என்பது வாட்டம். வெள்ளிவீதியார் குறுந்தொகை 27இல் கன்றும் உண்ணாமல் கலத்திலும் விழாமல் நிலத்தில் சிந்திய பாலை உவமித்து, எனக்கும் ஆகாமல் என் தலைவனுக்கும் உதவாமல் என் மாமைக் கவினை, அதாவது மாநிற அழகை, பசலை தின்கிறதே என்று சொல்கிறார். அழகைத் தின்னும் நோய்க்குப் புத்துயிரின் பெயரை எப்படி வைத்திருப்பார்கள்? 1182ஆம் குறளில் தலைவியின் மேனிமேல் ஏறி ஊரும் பசப்பு, அவர் தந்தது என்ற செருக்கோடு ஊர்கிறதே அன்றி, அவளுக்கு நலம் எதையும் தரவில்லை.

மூலப்பொருள் நிலையைக் குறித்தது, நிறம் பின்னால் வந்தது என்றால் பசலை கிளைக்க இடமில்லை. மூலப்பொருள் நிறம் என்றால் பச்சரிசியையும் பசுமண் கலத்தையும் எளிதாக விளக்கலாம்: காய் பச்சையாக இருக்கிறது, பழுக்காதது பச்சை ஆயிற்று, பிறகு வேகாதது, சுடாதது, ஆறாதது எல்லாம் பச்சை ஆயின. இவ்வழியில் நிறத்திலிருந்து நிலைக்குப் போக முடிகிறது; எதிர்த்திசையில் வந்தால் பசலையில் முட்டிக்கொள்கிறோம்.

தாவரவியல் ஆசிரியர்:

நிறமா நிலையா என்று இருவரும் எதிரெதிரே நிற்பது தேவையில்லை என்று ஒரு தாவரவியல்காரனாக எனக்குத் தோன்றுகிறது. துளிர் விடும் இலையில் பச்சையம் முழுமையாகச் சேர்ந்திருப்பதில்லை. அதனால் பல செடிகளில் அது மஞ்சள் கலந்த பச்சையாகத் தெரிகிறது. முதிர்ந்த இலை வாடும்போது பச்சையம் சிதைகிறது. முன்பே இலைக்குள் இருந்த மஞ்சள் நிறமிகள் வெளித்தெரிகின்றன. துளிரின் நிறமும் வாடலின் நிறமும் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து சேர்வதைத் தோட்டத்தில் யாரும் பார்க்கலாம். மஞ்சளும் இளம்பச்சையும் கலந்த அந்தப் பரப்பு முழுவதற்கும் ஒரே சொல் இருந்தால், அது தளிருக்கும் பொருந்தும், நோய்க்கும் பொருந்தும்.

இது தமிழுக்கு மட்டுமே உரிய விந்தையும் அன்று. பழைய கிரேக்க மொழியில் ‘குளோரோஸ்’ என்ற சொல் இளந்தளிருக்கும், ஈரம் காயாத மரத்துக்கும், தேனுக்கும், அச்சத்தால் வெளிறிய முகத்துக்கும் வழங்கியது. மஞ்சட்பச்சை வாயுவுக்கு 1810இல் ஹம்ப்ரி டேவி குளோரின் என்று பெயரிட்டதும், இலையின் பச்சையத்துக்குக் குளோரோபில் என்ற பெயர் வந்ததும் அச்சொல்லிலிருந்துதான். ஒன்றில் மஞ்சள் மிகுதி, மற்றதில் பச்சை மிகுதி. வேதியியல் வகுப்பில் மாணவர்கள் இவ்விரண்டையும் கேட்டிருப்பார்கள் என்பதால் உங்கள் தொகுப்பில் இதை எடுத்துக்காட்டாகச் சேர்க்கலாம்.

உரைகல்:

பொன்னைப் பற்றி இவ்வளவு பேசியும் பட்டறையில் இருப்பவன் வாய் திறக்காவிட்டால் நன்றாக இராது. தூய தங்கம் ஆழ்ந்த மஞ்சள். அதில் செவ்வொளி சிறிது கலந்திருக்கும். செம்பைக் கூட்டினால் சிவப்பு ஏறும். வெள்ளியைக் கூட்டினால் வெளிறிப் பச்சைச் சாயல் தட்டும். 18 காரட் தங்கத்தில் ஆயிரத்துக்கு 750 பங்குதான் தங்கம் என்பதால், மீதியில் வெள்ளி மிகுந்ததா செம்பு மிகுந்ததா என்பது பழகிய கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். ஆகவே பசும்பொன் என்பதற்குப் பச்சை ஓடிய பொன் என்று நேராகப் பொருள் கொண்டால், அது மாற்றுக் குறைந்த பொன்னாகிவிடும். பசும்பொன் என்று பாடி யாரும் பொன்னைக் குறைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். எல்லையோரத்தார் சொல்வதுபோல் மஞ்சள் என்று கொண்டால் இந்தச் சிக்கல் வராது.

ஆனாலும் கிளி இந்தக் கதையிலிருந்து முழுவதும் பறந்துவிடவில்லை. சிலப்பதிகாரத்தில் மதுரைப் பொற்கடை வீதியைச் சொல்லும்போது சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என நால்வகைப் பொன் வருகிறது. கிளிச்சிறை என்ற பெயரே கிளியின் சிறகை நினைவூட்டுகிறது. பச்சைச் சாயல் உள்ள பொன்னைத் தரம் பிரித்து வைத்திருந்தார்கள் என்பதற்கு அது சான்றாகலாம். மேலும், செம்பொன் என்பதும் புகழ்ச்சி, பசும்பொன் என்பதும் புகழ்ச்சி. ஒரே உலோகத்தைச் சிவப்பு என்றும் பச்சை என்றும் புகழ்ந்திருக்கிறார்கள் என்று மாணவன் சிரித்தால் என்ன சொல்வீர்கள்?

இலக்கணப்பிரியர்:

உரைகல் ஐயாவின் கடைசிக் கேள்விக்கு யாப்பு ஓரளவு விடை தரும். பசும்பொன் நிரையில் தொடங்குகிறது. பைம்பொன்னும் செம்பொன்னும் நேரில் தொடங்குகின்றன. அடியில் எந்த அசை வேண்டுமோ அதற்கேற்ற வடிவம் வந்து அமரும். ஆனால் பைம்பொன்னுக்கும் செம்பொன்னுக்கும் அசை ஒன்றே என்பதால் அவ்விரண்டில் எதைத் தேர்வது என்பதை யாப்பு முடிவுசெய்யாது. மோனை முடிவுசெய்யலாம், பாடுபவரின் கண்ணும் முடிவுசெய்யலாம். பொன்னின் மஞ்சளில் செம்மையும் உண்டு, பசுமையும் உண்டு. மஞ்சள் என்ற கிழங்கின் பெயர் நிறத்துக்கு ஆகிவராத காலத்தில், பொன்னை வருணிக்க விரும்பியவர் இருபுறமும் உள்ள இரண்டு நிறச்சொற்களில் ஒன்றைத்தானே எடுத்தாக வேண்டும்?

இதுவரை யாரும் தொடாத ஒரு சான்றையும் முன்வைக்கிறேன். பழந்தமிழில் ‘பச்சை’ என்பதற்குத் தோல் என்று ஒரு பொருள் உண்டு. பொருநராற்றுப்படையின் தொடக்கத்தில் முடத்தாமக்கண்ணியார் யாழை வருணிக்கும்போது அதன் பத்தரின் (ஒலி எழுப்பும் குடப்பகுதியின்) மேல் இழுத்துக் கட்டிய தோலை ‘விளக்கழல் உருவின் விசியுறு பச்சை’ என்கிறார். விளக்கின் சுடரைப் போன்ற நிறமுடைய, இறுக்கிக் கட்டப்பட்ட பச்சை. இன்றைய மாணவன் இந்த அடியைப் படித்தால் விளக்குச் சுடர் பச்சையாக எரியுமா என்றுதான் கேட்பான். தோலுக்கு ஏன் பச்சை என்று பெயர் வந்தது? களத்துமேட்டாரைக் கேட்டால், உரித்த ஈரத்தோல் என்பதால் என்பார். எல்லையோரத்தாரைக் கேட்டால், சுடரின் பொன்னிறம் அதற்கு இருந்ததால் என்பார். முன்னதே பொருத்தம் என்பது என் துணிபு. ஏனெனில் நிறத்தைச் சொல்ல அங்கே ‘விளக்கழல் உரு’ என்று தனியாக ஓர் உவமை வந்திருக்கிறது. பச்சை என்ற பெயரே நிறத்தைச் சொல்லியிருந்தால் அந்த உவமைக்கு வேலை குறைவு.

யாழ்ப்பாணத்தான்:

எங்கள் பக்கத்து வழக்கையும் பதிவுசெய்துவிடுகிறேன். அரிசியை இடித்து வறுக்காமல் வைத்த மாவைப் பச்சை மா என்போம். வறுத்தால் அது வறுத்த மா. புட்டுக்கு எது, பணியாரத்துக்கு எது என்று கேட்டு வாங்கும்போது நிறத்தைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. பச்சைத் தண்ணி என்றால் இங்கேயும் சுட வைக்காத தண்ணீர்தான். கடல் கடந்தும் இந்த வழக்கு ஒன்றாக இருப்பதால், சந்தேகியார் நினைப்பதைவிட ‘நிலை’ப் பொருளுக்கு வயது கூடுதலாக இருக்கலாம்.

சந்தேகி:

வயது கூடுதல் என்பதை நான் மறுக்கவில்லை, திருக்குறளிலேயே இருக்கிறதே. கன்னடமும் மலையாளமும் சேர்ந்து சாட்சி சொல்லும்போது நிறமும் நிலையும் மிகப் பழங்காலத்திலேயே ஒரே அடியில் கூடியிருந்தன என்பதை ஏற்கத்தான் வேண்டும். எது முந்தியது என்று இவ்வளவு தொலைவிலிருந்து தீர்ப்புச் சொல்வது வீண் வேலை. நான் வலியுறுத்துவது வேறு: நிறப்பொருளை வெறும் நிழலாகத் தள்ளிவிடாதீர்கள். பீர்க்கம்பூ நிறத்துக்காகவே வந்த உவமை.

அதோடு, பசுமையும் பொன்மையும் என்றுமே கலந்து கிடந்தன என்றும் மாணவர்களிடம் சொல்லிவிடக் கூடாது. மணிமேகலையில் ஆசீவகர் என்ற பழைய சமயத்தாரின் கொள்கையைச் சொல்லுமிடத்தில் கரும்பிறப்பு, கருநீலப் பிறப்பு, பசும்பிறப்பு, செம்பிறப்பு, பொன்பிறப்பு, வெண்பிறப்பு என்று ஆறு வகை வருகின்றன. அங்கே பசுமை வேறு, பொன்மை வேறு. நன்னூலில் வரும் ஐவண்ணத்துக்கும் வெண்மை, செம்மை, கருமை, பொன்மை, பசுமை என்றுதான் விரித்துரைக்கிறோம். நிறங்களை எண்ணி வரிசைப்படுத்த உட்காருபவர் பொன்மையைத் தனியே எடுத்து வைக்கிறார். பாட்டில் பொன்னையும் நிலவையும் வருணிப்பவர் பழைய விரிந்த பொருளிலேயே பசுமையைக் கையாள்கிறார். வகைப்படுத்தும் மொழிக்கும் பாட்டு மொழிக்கும் இந்த வேறுபாடு உண்டு என்று ஒரு வரி சேர்த்தால் குழப்பம் குறையும்.

நெய்தல் வாசகி:

மஞ்சள் பக்கம் மட்டும் பேசிவிட்டோம். இருள் பக்கமும் இச்சொல் நீள்கிறது. தொண்டரடிப்பொடியாழ்வார் அரங்கனைப் ‘பச்சை மாமலைபோல் மேனி’ என்கிறார். ஆழ்வார் பாசுரங்களில் அதே திருமால் கார்வண்ணன், கடல்வண்ணன் என்றும் அழைக்கப்படுகிறான். தொலைவிலிருந்து பார்க்கும் அடர்காட்டு மலையில் பச்சை எங்கே முடிகிறது, கருநீலம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒருபுறம் பொன், மறுபுறம் மேகம்; நடுவே இலை. இலை நடுவில் நிற்பதால்தான் அகராதியில் பச்சை என்பது முதற்பொருளாக அமர்ந்தது என்று நினைக்கிறேன்.

பசுவெண் திங்களைப் பற்றித் தேடல் கேட்டதற்கு யாரும் விடை சொல்லவில்லை. அதை ‘இளமஞ்சள் படர்ந்த வெண்ணிலவு’ என்று எழுதுவதே பொருத்தம். எட்டாம் நாள் பிறை கடலின் நடுவே அடிவானத்தை ஒட்டி நிற்கும்போது தூய வெண்மையாகத் தெரியாது. மஞ்சள் படிந்தே தெரியும். கூந்தலின் அருகே விளங்கும் நெற்றிக்கு அந்த நிறம் உவமையாக வருகிறது. வெறும் வெண்டிங்கள் என்றிருந்தால் இந்த மேனி நிறம் கிடைத்திருக்காது.

களத்துமேடு:

அந்த விளக்கத்தை ஏற்கலாம். குளிர்ச்சி என்றும் எழுதலாம் என்று ஒரு பக்கம் எனக்குத் தோன்றினாலும், நெற்றிக்கு உவமை என்பதால் நிறமே முதன்மை பெற வேண்டும்.

இன்னொரு நடைமுறைச் செய்தியையும் தொகுப்பில் சேருங்கள். இன்றைய தமிழில் பச்சையும் பசுமையும் தங்களுக்குள் வேலையைப் பங்கிட்டுக்கொண்டுவிட்டன. பசுமைப் புரட்சி என்கிறோம். பச்சைப் புரட்சி என்று சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள். பசுமை இல்ல வாயு, பசுமையான நினைவு என்பவற்றிலும் பசுமைதான். மறுபுறம் பசுமை மிளகாய், பசுமைத் தண்ணீர் என்று சொல்வதில்லை. வசைச்சொல்லைப் ‘பச்சையாகப் பேசினான்’ என்கிறோம். ‘பசுமையாகப் பேசினான்’ என்றால் பொருளே வேறாகிவிடும். கையால் தொடக்கூடிய நிறமும் வேகாத நிலையும் பச்சையிடம் இருக்கின்றன. செழிப்பும் நினைவும் சுற்றுச்சூழலும் பசுமையிடம் போய்விட்டன. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பழம்பாட்டைப் படிக்கும் மாணவன் பசும்பொன்னைச் ‘செழிப்பான பொன்’ என்று எழுதிவிடுவான். விடைத்தாள்களில் நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

தேடல்:

அனைவருக்கும் நன்றி. எங்கள் குழுவில் பேசி, பதிவை இப்படி அமைக்கலாம் என்று இருக்கிறோம். ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள்.

‘பசுமை: இளமஞ்சளிலிருந்து இலைப்பச்சை வழியாகக் கருநீலச் சாயல் வரை விரிந்த நிறப்பரப்பு, ஈரமும் இளமையும் நீங்காத, சூடு படாத நிலை. பை, பாசு, பசு, பச்சை ஆகிய வடிவங்களில் வரும். புல், இலை, கிளி ஆகியவற்றுக்கு அடையாகும்போது பச்சை நிறம். பொன், நிலவு ஆகியவற்றுக்கு அடையாகும்போது மஞ்சள் ஒளி. மண், பால், புண் ஆகியவற்றுக்கு அடையாகும்போது சுடாத, காய்ச்சாத, ஆறாத நிலை. பசலை, பசப்பு: பிரிவால் மேனியில் தோன்றும் வெளிர்மஞ்சள் நிறம், பீர்க்கம்பூ இதற்கு உவமையாக வரும்.’

பொருநராற்றுப்படையின் ‘பச்சை’யைத் தனிப்பதிவாகத் தருகிறோம், ‘யாழின் பத்தரை மூடிய தோல், பதப்படுத்தாத தோல் என்பதால் வந்த பெயராகலாம்’ என்று எழுதலாமா?

இலக்கணப்பிரியர்:

‘ஆகலாம்’ என்று ஐயத்தோடு எழுதுவதே முறை; அப்படியே இருக்கட்டும். பசப்பு என்பதற்கு மட்டும் இன்னொரு வரி சேர்க்க வேண்டும். இன்று பசப்பு என்றால் பாசாங்கு, பசப்பு வார்த்தை என்றால் ஏமாற்றுப் பேச்சு. ‘பசப்புறுபருவரல்’ என்ற திருக்குறளின் 119ஆம் அதிகாரத் தலைப்பைப் பார்க்கும் மாணவன், தலைவி நடிக்கிறாள் என்று முடிவுசெய்துவிட வாய்ப்பு இருக்கிறது.

உரைகல்:

பொன்னுக்கு ‘மஞ்சள் ஒளி’ என்று எழுதியிருப்பது சரியாக இருக்கிறது. கிளிச்சிறையை அந்தப் பதிவுக்குள் கொண்டுவராதீர்கள். நால்வகைப் பொன்னுக்கு என்று வேறு பதிவு வரும்போது அங்கே வைத்துக்கொள்ளலாம். செம்பொன் பதிவை இன்னும் எழுதவில்லையென்றால் அதையும் இங்கேயே கேளுங்கள். செம்பு கலந்த பொன் என்று யாரேனும் எழுதிவிடுவதற்கு முன் பேசிவிடலாம்.